கண்டதாகச் சொல்லாத வாப்பா

எங்கள் வாப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இலங்கையின் அக்கரைப்பற்றில் பிறந்து, அங்குள்ள மதரசாவில் ஓதி, அங்கேயே ஆசிரியரானவர். அவரது இளமைக் காலத்தை மாமி சொல்லித்தான் அறிவேன்.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த ஹதீஸ் அறிஞர் ஒருவரின் வரலாற்றைத் தமிழில் எழுதுவதே வாப்பாவின் வாழ்நாள் வேலை. நபிமொழி ஒன்றை யாரிடமிருந்து யார் கேட்டார் என்று ஊர் ஊராகச் சென்று விசாரித்தவர் அந்த இமாம். இடையில் ஒருவர் ஐயத்துக்குரியவரானாலும் அந்த நபிமொழியையே ஒதுக்கிவிடுவார். முதுமையில் சொந்த ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு அயலூரில் இறந்தார்.

போர் முடிந்தபின் வாப்பாவின் தம்பியான எங்கள் சாச்சாவை வாகனத்தில் வந்தவர்கள் கொண்டுபோனார்கள். அடுத்து வாப்பாவைத் தேடினார்கள். அவர் பாரிஸில் இருந்த என்னிடம் வந்தார். உம்மா ஊரில் தங்கினார். வாப்பாவுக்கு அகதி அட்டை கிடைத்தால்தான் உம்மாவை அழைக்க முடியும்.

பாரிஸில் தமிழர் கூடும் லா சப்பலில் அகதி வழக்கு எழுதிக்கொடுக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை, வாப்பாவை 'நானா' என்று மரியாதையாக அழைத்துக் கேட்டார்:

"நானா, தம்பியைக் கொண்டுபோகேக்கை கண்ணாலை கண்டனான் எண்டு எழுதுறன், சரியோ?"

"நான் காணல்ல. கண்டது பக்கத்து வீட்டு ரபீக். அவர் சொல்லித்தான் தெரியும். அப்பிடியே எழுதுங்க."

"கேள்விப்பட்ட கதைக்கு ஆர் நானா கார்ட் குடுப்பான்?"

"இமாம் ஒரு சொல்லுக்காக மாசக்கணக்காப் பயணம் போனவரு, தம்பி."

"அவருக்கு விசா தேவைப்படேல்லை."

வாப்பாவும் சிரித்துவிட்டார். ஆனால் மாற்றவில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்கு முன் நானும் கெஞ்சினேன்.

"உம்மா தனியக் கிடக்காங்க, வாப்பா. ஒரு சொல்லுத்தானே?"

"நான் காணல்ல, மகன்."

மேன்முறையீடும் தோற்றது. ஒரே அறையில் இருந்தும் இரண்டு மாதம் அவருடன் நான் பேசவில்லை. பிறகு ஊரிலிருந்து, அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்றழைக்கும் ரபீக்கின் எழுத்துச் சாட்சியம் வந்தது; வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டு அட்டை கிடைத்தது. அதற்குள் உம்மா ஊரிலேயே மௌத்தாகி அடக்கப்பட்டுவிட்டார். வாப்பா அட்டையை மேசையில் வைத்து, "ஒரு தேத்தண்ணி ஊத்துங்க, மகன்" என்றார். என் கோபம் தீர்ந்துவிட்டதாக எழுதினால் அந்த வரியை அவரே வெட்டிவிடுவார்.

பின்னர் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு கடையின் பின்னறையில் ஞாயிறுதோறும் ஹதீஸ் பாடம் நடத்தினார். அவர் எழுதிவந்த இமாமின் வரலாறு, இமாம் ஊரைவிட்டு வெளியேறும் இடத்தில் நின்றுபோயிற்று.

வாப்பாவின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபன் துணியிட்டவர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு அடக்கத்துக்கு வந்தவர்களுக்கும், ரபீக் காக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வாப்பா, இறைவன் ஒருவனே எனும் கலிமாவைச் சொல்லியே கண்மூடினார் என்று எழுதும்படி உறவினர் சிலர் கேட்டனர். அந்த நேரம் நான் வேலையில் இருந்தேன். மருத்துவமனையில் உடனிருந்த தாதிக்குத் தமிழும் தெரியாது, அரபும் தெரியாது. உதடுகள் அசைந்தன என்று மட்டும் அவர் சொன்னார். அவரிடமிருந்து கேட்டதை எழுதியிருக்கிறேன். வாப்பாவுக்காகத் துஆச் செய்யுங்கள்.