மழை நாளில் தட்ட வேண்டிய கதவு

நேற்றுக் காலை பத்து மணிக்கு நான் திற்பரப்பை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு லுங்கி, ஒரு சட்டை, ஊர் ஊராகப் போய் உங்களுக்கு எழுதுகிற நோட்டு.

அருவிக்குப் பக்கத்து ஹோட்டலில் மூன்று மாதம் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். நாலு நாளாக விடாத மழை. ஆற்றில் தண்ணீர் ஏறியதும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். குளிக்கத் தடை என்றால் பரோட்டாவுக்கும் தடைதானே? “மழ வெறிச்சு வானம் தெளிஞ்ச பெறவு வாரும்” என்றார் முதலாளி. நல்ல மனிதர். கிளம்பும்போது பால் விடாத ஒரு கடுஞ்சாயா கொடுத்தார். நான் திரும்பி வரமாட்டேன் என்று அவருக்கும் தெரியும்... உங்களுக்கும் தெரியும்.

அருமனைப் பக்கம் போனால் ஏதாவது வேலை அகப்படும் என்று நினைப்பு. பாதி வழியில் காற்று என் குடையை வாங்கிக்கொண்டு போய்விட்டது. ரோட்டோரம் ஒரு கிறிஸ்தவ சபை மண்டபம் தெரிந்தது. வராந்தாவில் ஏறி நின்றேன்.

உள்ளே இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அங்கன்வாடி டீச்சர்கள். நடுவில், பயிற்சி கொடுக்க வந்த மேடம். சின்னப் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள், அதைப் பற்றி வீட்டாரிடம் எப்படிப் பேசுவது — அதுதான் அன்றைய பாடம்.

ஒரு வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுவதற்கும் பயிற்சியா? எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு நிலைக்கவில்லை. மேடம் என்னைப் பார்த்துவிட்டார்.

“அண்ணே, உள்ள வாங்க. எங்களுக்கு ஒரு அப்பா தேவைப்படுது.”

மண்டபமே சிரித்தது. “மேடம், மழைக்கு ஒதுங்குன அப்பா போதுமா?” என்றது ஒரு குரல். “நமக்கு வாச்சதெல்லாம் பின்ன எப்பிடியாம்?” என்றது இன்னொன்று.

நடித்துக் காட்ட வேண்டுமாம். நான் அப்பா. ஒரு நாற்காலிதான் என் வீட்டுக் கதவு. ஒரு டீச்சர் வந்து தட்டுவார்.

வந்தவர் ஷீபா டீச்சர். முப்பது வயது இருக்கும். நெஞ்சோடு ஒரு ரெஜிஸ்டரை அணைத்திருந்தார்.

“பிள்ளைக்கு மூணு வயசாச்சு. இன்னும் ஒரு வார்த்த பேசல்ல. ஆஸ்பத்திரியில காட்டணும்.”

“எனக்க பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. போயிட்டுப் பெறவு வாருங்க” என்று சொல்லி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

கைதட்டினார்கள். ஷீபா டீச்சர் மட்டும் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

“அவரும் இதே வார்த்தையத்தான் சொன்னாரு மேடம். மூணு தடவ போனேன். மூணு தடவையும் இதே.”

பிறகு சொன்னார். பிள்ளையின் பெயர் ஜெனிஷா. அப்பா தாஸ், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அம்மாவுக்கு முந்திரிப் பருப்பு உடைக்கிற ஆபீஸில் வேலை. கேட்டால், “அவருட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க டீச்சரே” என்று நகர்ந்துவிடுவார். நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பேசாத பிள்ளைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கிற நாள். அடுத்து எப்போது என்று தெரியாது.

“இப்பமே பாத்தா பேச்சு வரவைக்கலாம்னு சொல்லுதாவ. வருசம் போகப் போக...” என்றார்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏன் வரவில்லை என்று கேட்டு எங்கள் வீட்டுக் கதவை ஒரு டீச்சரும் தட்டியதில்லை. இந்தப் பெண் மூன்று முறை தட்டியிருக்கிறார்!

“அண்ணே, நீங்க ஏன் கதவ அடச்சீங்க?” என்று மேடம் என்னைக் கேட்டார். நடிப்புக்குக் கேட்கிறாரா, நிஜமாகவா? நிஜமாகத்தான்.

நான் ஷீபா டீச்சரைக் கேட்டேன். “எத்தன மணிக்குப் போனீங்க?”

“பிள்ளையளுக்குச் சோறு குடுத்து அனுப்பிட்டு... ரெண்டு, ரெண்டரைக்கு.”

சரிதான். நானும் குலசேகரம் பக்கம் இரண்டு வருஷம் பால் வெட்டினவன். விடியுமுன் எழுந்து வெட்ட வேண்டும். மரத்தில் கட்டின தேங்காய்ச் சிரட்டைகளில் இறங்கின பாலை எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிடும். சாப்பிட்டுப் படுத்தால் அந்த இரண்டு மணித் தூக்கம் இருக்கிறதே... அப்போது தேவதூதன் வந்து தட்டினாலும் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டுதான் போவான். இதை அவர்களிடம் சொன்னேன்.

“அப்ப எப்பதான் போறது?” என்றார் ஒரு டீச்சர். “சாயங்காலம் போனா?”

“சந்தைக்குப் போயிருப்பாரு. எட்டு மணிக்கெல்லாம் படுத்திருவாரு” என்றேன்.

“பின்ன?”

“மழ பெய்யும்போ போணும். மரம் நனஞ்சா வெட்டு கெடையாது. மனுசன் நல்லா உறங்கி எழும்பி, செய்ய ஒரு வேலையும் இல்லாம வீட்டுல இருப்பாரு.”

இருபது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மழை என்றால் வீடு பார்க்கப் போவதைத் தள்ளிவைப்பது அவர்கள் வழக்கம். ரெஜிஸ்டர் நனைந்துவிடுமே!

ஷீபா டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. “மேடம், நான் போயிட்டு வரட்டா?”

“போங்க. ரெஜிஸ்டர் இங்கேயே இருக்கட்டும். போனதும் பிள்ளையப் பத்தி நீங்க பாத்த ஒரு நல்ல காரியத்தச் சொல்லுங்க. அப்புறம் அவரப் பேச விடுங்க. இன்னைக்கு இதுதான் உங்களுக்குப் பயிற்சி.”

“நீங்களும் வாங்கண்ணே. ஒரு ஆம்பிள கூட நின்னா இரிக்கவாவது சொல்லுவாரு” என்றார் ஷீபா டீச்சர். எனக்கென்ன, போகிற வழிதானே.

ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஏற்றத்தில் ஓட்டு வீடு. தாஸ் வாசல்படியில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். உள்ளே தரையில் ஒரு சின்னப் பெண் சிரட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்த சத்தத்துக்கு அவள் நிமிரவில்லை.

தாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இது ஆரு? ஆப்பீசரா?”

“ஆப்பீசர் இப்பிடியா நனைவாரு?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு சாக்கை எடுத்துப் போட்டார்.

ஷீபா டீச்சர் சாக்கில் உட்காரவில்லை. ஜெனிஷாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் நீட்டிய சிரட்டையை வாங்கி வரிசையில் வைத்தார். இன்னொன்று வந்தது. அதையும் வைத்துவிட்டுத் தாஸைப் பார்த்தார்.

“நேத்து ஜெனிஷா என்ன செய்தா தெரியுமாண்ணே? ஒரு சின்னப் பையன் ஒரே அழுக. இவ தனக்க முட்டையில பாதியப் பிச்சு அவனுக்க வாயில வச்சா. நான் சொல்லிக் குடுக்கல்ல. அவளா செய்தா.”

தீட்டுகிற சத்தம் நின்றது.

“எனக்க பிள்ளையா?”

“ஒங்களுக்க பிள்ளதான்.”

தாஸ் கத்தியைக் கீழே வைத்தார். மழையைப் பார்த்தார். டீச்சர் அவரை அவசரப்படுத்தாமல் அடுத்த சிரட்டையை வாங்கி வைத்தார் — அதற்குத்தான் நிறைய பயிற்சி வேண்டும் போல.

“பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டா டீச்சரே” என்றார் கடைசியில். “விடியக்கால இருட்டுல பால் வாளி கைதவறி விழுந்து உருளும். அவ அம்ம முழிப்பா, கோழி கத்தும்... இவ அனங்க மாட்டா. நல்ல உறக்கக்காரின்னு நாந்தான் எல்லாருட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.”

குரல் கொஞ்சம் இறங்கியது.

“எனக்குத் தெரியும். நீங்க அந்த ஊமைங்கிற வார்த்தையச் சொல்லிருவியளோன்னு பயந்துதான் கதவ அடச்சேன்.”

தூக்கம்தான் காரணம் என்று மண்டபத்தில் நான் பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன் அல்லவா? அது பாதிதான்.

“அந்த வார்த்தைய நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்” என்றார் ஷீபா டீச்சர். “நாளைக்குக் காது பாக்குற நாள். முதல் பஸ்ஸுக்குப் போனா மதியம் வந்திரலாம். நானும் வாறேன்.”

தாஸ் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். மேற்கே வெளுத்திருந்தது. நாலு நாள் மழை விடுகிறது. ஊருக்கெல்லாம் நல்ல சேதி. அவருக்கு?

“நாளைக்கு வெட்டியாகணும் டீச்சரே. நாலு நாளு வெட்டில்ல. நாளைக்கும் மொடங்குனா மொதலாளி வேற ஆளப் போட்டிருவாரு. அவ அம்மைக்கும் லீவு கெடைக்காது. அடுத்த தடவ பாப்போம்...”

அடுத்த தடவை. எத்தனை நல்ல காரியங்கள் இந்த இரண்டு வார்த்தைக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன!

ஷீபா டீச்சர் ஜெனிஷாவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எத்தன மரம்?” என்று கேட்டேன்.

“முந்நூறு. எதுக்குக் கேக்கீரு?”

“நாளைக்கு நான் வெட்டுகேன்.”

“மரத்தக் கொன்னுட்டுப் போவதுக்கா?” என்றவர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை விரலால் அழுத்திப் பார்த்தார். காய்ப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. “எங்க வெட்டுனீரு?”

“குலசேகரத்துல. ரெண்டு வருசம்.”

“ஆழமா போட்டிராதயும். கேட்டீரா? பட்டையச் சீவுனா போதும்.” பிறகு உள்ளே போய், ஜெனிஷாவுக்கு முன்னால் அவள் முகம் பார்க்கிற மாதிரிக் குனிந்து, “எனக்க மக்களே, நாளைக்கு நம்ம பஸ்ஸுல போவோம்” என்றார்.

அவள் ஒரு சிரட்டையை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள்.

இன்று விடியுமுன், தாஸின் லைட்டை நெற்றியில் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். பட்டை காய்ந்திருந்தது. முதல் மரத்தில் மெதுவாகச் சீவினேன். பத்தாவது மரத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டது. வெளுக்க ஆரம்பித்தபோது, கீழே வளைவில் முதல் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. பஸ் நின்றது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கிளம்பிப் போகிற சத்தம்.

ஏறியிருப்பார்கள். எனக்கு இன்னும் இருநூற்றுச் சொச்சம் மரம் பாக்கி.