அப்பா சுட்ட பணியாரம்

எங்கள் அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் அடுப்படியில் நின்று சமைத்தார். அதுவும் அம்மாவின் பிடிவாதத்தைக் கரைப்பதற்காக. அன்று அவர் பக்கம் நின்று ஜெயித்துக் கொடுத்தவள் நான். எனக்கு வயது ஒன்பது.

நாரணாபுரத்தில் எங்கள் தெருவுக்கு முதல் செல்போன் வந்த வருஷம் அது. அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே போய், மதியத்துக்குள் திரும்பிவிடுவார். மற்ற வேலைகளைவிடக் கூலியும் கூடுதல். அந்த வாரம் பக்கத்துக் கம்பெனியின் மருந்து ரூம் வெடித்து, அப்பாவோடு வேலை பழகிய ஒருவர் இறந்துபோனார். எல்லாக் கம்பெனிகளையும் சில நாள் மூடி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை திறப்பதாகச் சொன்னதும் அம்மா அப்பாவின் எதிரே வந்து நின்றாள்.

"மருந்து ரூமுக்கு இனிமே போக மாட்டேன்னு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் பச்சத்தண்ணி என் பல்லுல படாது, பாத்துக்கோங்க."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா சொன்னதைச் செய்கிறவள். சனிக்கிழமை முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

ஞாயிறு காலையில் அப்பா பணியாரக் கல்லை எடுத்தார். முதல் காரியமாக முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்து வைத்தார். தம்பியையும் என்னையும் வாசல் ஓரமாக உட்காரச் சொன்னார். கரண்டியைத் தொடவில்லை. மாவில் வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் போட்டு, சத்தமே வராமல், உள்ளங்கையால் மெல்ல மெல்லக் கலந்தார். பணியாரத்தைத் திருப்பும் கம்பியை ஒதுக்கிவிட்டு மூங்கில் குச்சி ஒன்றைச் சீவிக்கொண்டார். முதல் ஈடு முழுவதும் குழியோடு ஒட்டிக்கொண்டது.

"அப்பா, கல்லே இரும்புதான்" என்றேன்.

அவர் கையில் இருந்த குச்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "மருந்து ரூம்ல இரும்பு ஆகாது, பொறி பறக்கும். அப்படியே கை பழகிப்போச்சு தாயி."

இரண்டாவது ஈடு பொன்னாக வந்தது. காரச் சட்னியைத் தொட்டு நான் மட்டும் எட்டுப் பணியாரம் தின்றேன். விடிந்ததும் அப்பா வீட்டில் இருப்பதும், சுடச்சுட ஊற்றிப் போடுவதும் தீபாவளியைவிடப் பெரிதாக இருந்தது. கம்பெனியை அடிக்கடி மூடினால் நல்லது என்றுகூட நினைத்தேன், பாவி.

அப்பா ஒரு தட்டை நீட்டினார். "நீ கொண்டு போ ஆத்தா. நான் குடுத்தா வாங்க மாட்டா."

ராஜாவின் தூதுவர் மாதிரி போனேன். அம்மா திரும்பவே இல்லை.

"நீ திங்காட்டி நானும் திங்க மாட்டேன்மா. ரொம்பப் பசிக்குது" என்று அழுதேன். எட்டுப் பணியாரமும் வயிற்றில் கனத்தன. அம்மா எழுந்து உட்கார்ந்து என்னை வெகுநேரம் பார்த்தாள். உதட்டோரம் ஒட்டியிருந்த சட்னியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். பிறகு வாயைத் திறந்தாள். நான் ஊட்டினேன்.

"உப்பு ஒரு கல்லு கூட" என்றாள். கண் கலங்கியிருந்தது. காரம் என்று நினைத்தேன்.

"அம்மா சாப்பிட்டுட்டா!" என்று கூவிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அப்பா அடுத்த ஈட்டுக்கு மாவை ஊற்றினார். மறுநாள் விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பதினோரு வருஷம் அதே வேலையைப் பார்த்து, நல்லபடியாக ஓய்வு பெற்றார். ஆனால் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அம்மா காலையில் சாப்பிட்டதில்லை. எங்களுக்கு இட்லியோ தோசையோ வயிறு நிறையப் போடுவாள். தனக்கு மட்டும், அப்பா மதியம் தெருமுனை திரும்புவதைப் பார்த்த பிறகுதான் தட்டு வைப்பாள்.

ஐந்தாம் வகுப்பில் 'என் தாய்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'என் அம்மாவுக்குக் காலைச் சாப்பாடு பிடிக்காது' என்று தொடங்கியிருந்தேன். டீச்சர் 'நன்று' போட்டிருந்தார். வீட்டில் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

அம்மா கேட்டுவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கே" என்றாள்.