கிணற்றடியில் விழாதவள்

நெடுந்தீவில் மேரிசுகந்தியைப்போல் தம்பியைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய அக்காவை எவரும் கண்டதில்லை. கல்யாணம் கட்டாமல் கருவாடு போட்டுச் சீவித்தவள். தம்பி ஜெகதீஸ் வள்ளம் ஓட்டத் தொடங்கிய பிறகு வேறொருவருடைய வள்ளத்தில் அவள் கால் வைத்ததே இல்லை. அதற்குத்தான் அவன் நல்ல பரிசு கொடுத்தான்.

கச்சான் காற்று கடலைக் கிளப்பும் காலம். லண்டனிலிருந்து வந்த குடும்பமொன்று குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்ப அவனுடைய வள்ளத்தைப் பிடித்திருந்தது. ஆட்டம் குறைந்த பின்பக்கத்தை அவர்களுக்கு விட்டு, யாழ்ப்பாணம் போக வந்த அக்காவை முன்னால் அணியத்தில் இருத்தினான். வேகத்தையும் குறைக்கவில்லை. அணியம் ஓர் அலையில் எழும்பித் தடாரென்று விழுந்தது. பலகையிலிருந்து தூக்கியெறியப்பட்ட சுகந்தி குந்தியபடி விழுந்தாள். நடுமுதுகில் ஏதோ நொறுங்கியது. அலறினாள்.

“கத்தாதேங்கோ அக்கா, சனம் பயப்பிடும்,” என்றான் தம்பி.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று டொக்டர் கேட்டதும் அவன் முந்திக்கொண்டான். “கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டா.”

உண்மை தெரிந்தால் வள்ளத்தை ஓடவிடாமல் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. அது சுகந்திக்கும் விளங்கியது. பேசாமல் இருந்தாள், பைத்தியக்காரி.

எக்ஸ்ரேயில் முள்ளந்தண்டு எலும்பொன்று, பாரம் ஏறிய பாண் ரொட்டியைப்போல் முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது.

“சின்ன வழுக்கலுக்கு இப்பிடி நசுங்காதம்மா,” என்றார் டொக்டர். “எலும்புக்குள்ளை வேறை வருத்தம் இருக்கோ எண்டு பாக்கவேணும். கான்சராயும் இருக்கலாம்.”

 சுகந்தி தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரத்தம் எடுத்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள். நோவுக்குக் குளிசை, முதுகு மடங்காமல் இறுக்கமான பட்டி. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. எல்லாவற்றையும் தாங்கினாள், சாவுப் பயத்தைத்தான் தாங்க முடியவில்லை. தானே சொன்னால் அவனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும், அவனாகச் சொல்லட்டும் என்று கிடந்தாள். அவனோ தோடம்பழத்தோடு வந்தான், போனான். மூச்சு விடவில்லை.

முடிவுகள் வந்தன. கான்சர் இல்லை. எலும்பும் பலமாகத்தான் இருந்தது.

“நான் அப்பவே நினைச்சனான், ஒண்டும் இராதெண்டு,” என்று ஜெகதீஸ் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை அவளால் பொறுக்க முடியவில்லை.

“டொக்டர், நான் கிணத்தடியிலை விழேல்லை. இவன்ரை வள்ளத்திலை அடிபட்டனான். இவனுக்கு எல்லாம் தெரியும்.”

டொக்டர் அவனிடம் திரும்பினார். “வள்ளத்திலை அப்பிடி அடிபட்டா நல்ல எலும்பும் நசுங்கும். முதலே சொல்லியிருந்தா இந்த மனுசி இவ்வளவு பயந்திருக்காதே!”

அவன் தலையைச் சொறிந்தான். “வள்ளத்தை நிப்பாட்டிப் போடுவாங்களோ, டொக்டர்?”

சுகந்தி கண்ணை மூடினாள். பக்கத்தில் நின்ற தாதியைக் கூப்பிட்டாள்.

“மிஸ்ஸி, இவரை வெளியிலை போகச் சொல்லுங்கோ. எனக்கெண்டு வந்த ஆள் ஒருத்தரும் இஞ்சை இல்லை.”