வாயில் கூடை இருந்தபோது கேட்ட கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. படிப்பை முடித்த கையோடு, ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். முதல் மாதம் வீட்டிலிருந்தே வேலை. அப்புறம் நேரில் வரச் சொல்லி, பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களுக்குக் கணக்கெடுக்க அனுப்பிவிட்டார்கள். "ஃபாரின் கம்பெனி" என்று அம்மா தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

அந்த ஃபாரின் கம்பெனிக்காகத் தினமும் நாலு மணிக்கு எழுந்து, ரயிலேறி ஆரம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவும் நடையுமாகப் போக வேண்டும். நாலாம் நாளே இடுப்பு கழன்றுவிட்டது. போன நேரமெல்லாம் வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு படிவம்கூட முடியவில்லை. "இன்றைக்காவது ஒன்று முடித்துக் காட்டு" என்று மேலதிகாரி போனில் சலித்துக்கொண்டார். எனக்கும் அலுத்துப் போயிருந்தது. நேராக ஏரிக்கே போய்விட்டேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் நாலு பெண்கள் குனிந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தார்கள். கூடை தாடைக்குக் கீழே மிதந்தது. இரண்டு கையும் சேற்றுக்குள் இருந்தால், கூடையை வேறு எப்படிப் பிடிப்பது? இதையெல்லாம் பார்த்துக்கொண்டே, கரைக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் கேள்வியை ஆரம்பித்தேன். என் அக்கா வயதுதான் இருக்கும். தலையை மட்டும் ஆட்டினார். காதில் விழவில்லை போல என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். மூன்றாவது முறை, பாவம், மரியாதைக்காக வாயைத் திறந்துவிட்டார்.

"இன்னாமா?"

கயிறு நழுவியது. கூடை சாய்ந்தது. அவர் பாய்ந்து பிடிப்பதற்குள் உள்ளே இருந்தது அத்தனையும் தண்ணீரோடு போய்விட்டது. விடிந்ததிலிருந்து பிடித்தது. வெறும் கூடையை நிமிர்த்தித் தண்ணீரை உதறினார்.

"போனது போச்சு. இப்ப வாயி சும்மாதான் கீது. கேளு, இன்னா கேட்ட?"

நானும் முட்டாள் மாதிரி போன் திரையில் இருந்த படிவத்தைப் பார்த்துப் படித்தேன். "உங்க தொழிலுக்கு முக்கியமான இடைஞ்சல் எது?"

"நீதாம்மா."

மற்ற மூன்று பேரும் வாயைத் திறந்து சிரிக்க முடியாமல், கயிற்றைக் கடித்துக்கொண்டே தோள் குலுங்கினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் பாதி, அசதி பாதி.

"அய்ய, இன்னாத்துக்கு அழுவுற? வியாபாரி வண்டி வர்றதுக்குள்ள கொஞ்சமாச்சும் தேத்தணும். நீ பேசாம குந்து" என்று சொல்லிவிட்டு மறுபடி கயிற்றைக் கடித்துக்கொண்டார்.

வெயிலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்தபோது கூடையில் கால்வாசிகூட இல்லை. வியாபாரி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அந்த அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஈரப் புடவையோடு வீட்டுக்கு நடந்தபடியே என் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். 'இன்று பிடித்த அளவு' என்ற கட்டத்தில் 'குறைவு' என்று குறித்தேன். காரணம் எழுத அதில் இடமில்லை.

இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், இன்னமும் பிழைப்பு கேள்வி கேட்பதுதான். ஆனால் எனக்குப் பதில் சொல்ல எதிரில் இருப்பவர் எதைக் கைவிட வேண்டியிருக்கும் என்று முதலில் பார்க்கிறேன், சில நாள் கேட்காமலே திரும்பி வந்துவிடுகிறேன்.