கார்கிவ் மேப்பில் உடையாத கட்டடம்

எத்தனை குண்டு போட்டாலும் அந்த நாலு மாடிக் கட்டடம் விழவில்லை. டாங்கியால் சுட்டேன், விமானத்திலிருந்தும் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீடுகளெல்லாம் செங்கல் செங்கலாகச் சரிந்தன. அது மட்டும் ஜன்னல்கூட உடையாமல் நின்றது. கேம் வெளியாகச் சில வாரங்களே இருந்தன.

அமெரிக்காவில், மில்பிடாஸ் என்ற ஊரில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். கடைசியாக நான் டெஸ்ட் செய்தது இரண்டாம் உலகப் போர் கேம். போரின் போக்கை மாற்றிய சண்டைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேப், அதாவது ஆடுகளம். மிட்வே, ஸ்டாலின்கிராட், கோஹிமா, நார்மண்டி, கார்கிவ். காலையில் மிட்வே கடலில் ஜப்பான் கப்பலை மூழ்கடிப்பேன். மதியம் டப்பாவில் கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு நார்மண்டி கரையில் இறங்குவேன். பாதி மணலிலேயே செத்துப்போவேன். செத்தபோது கேம் உறைந்து நின்றதா என்று எழுதிவைத்துவிட்டு மறுபடி இறங்குவேன். "விளையாடறதுக்கா சம்பளம் குடுக்கறான்?" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரே கரையில் வருஷக்கணக்கில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும்.

கார்கிவ் மேப்பைச் செய்தவர் ஆந்த்ரி. உக்ரைன்காரர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். உலகப் போரில் அந்த நகரம் ஜெர்மன் கைக்கும் சோவியத் கைக்குமாக நான்கு முறை மாறியது. அதனால் அந்த மேப்பில் ஆட்டம் நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நகரம் இன்னும் கொஞ்சம் இடியும். ஆந்த்ரி தன் தெருவையே அதில் வைத்திருந்தார். மேப் பாதி முடிந்திருந்தபோது அந்த ஊரில் நிஜமாகவே குண்டு விழ ஆரம்பித்தது.

கேம் வேலை முழுவதையும் மேய்க்கும் எங்கள் புரொட்யூசர் செந்தில், மதுரைக்காரர். மேப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று ஆந்த்ரியிடம் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. ஒரு திரையில் மேப், இன்னொரு திரையில் ஊர்ச் செய்தி என்று உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கம் போகும்போது எது மேப், எது செய்தி என்று எனக்குச் சட்டென்று பிடிபடாது.

அன்று, 'கட்டடம் உடையவில்லை, அவசரம்' என்று டிக்கெட், அதாவது பிழைக் குறிப்பு, எழுதினேன். அனுப்பவில்லை. எழுந்து ஆந்த்ரியிடம் போனேன். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். தமிழில் எழுதுகிறேன்.

"ஆந்த்ரி, அந்த நாலு மாடி உடைய மாட்டேங்குதே?"

"தெரியும்" என்றார், திரையைப் பார்த்தபடியே. "மூணாவது மாடியில எங்க அம்மா இருக்காங்க. தங்கச்சி, அவ பையன் எல்லாரும் அங்கதான். கிளம்பி வாங்கன்னா அம்மா வர மாட்டேங்கறாங்க."

என் இடத்துக்குத் திரும்பி வந்து, எழுதிய டிக்கெட்டை அனுப்பாமல் அப்படியே வைத்தேன்.

மறுநாள் செந்தில் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார்.

"விஜிக்கா, வெளியாகுறதுக்கு முன்னாடியே பீட்டா ஆடிப் பாக்குறவய்ங்க கண்டுபிடிச்சுட்டாய்ங்க. எல்லாரும் அந்த பில்டிங்குக்குள்ள புகுந்து உக்காந்துட்டு சுடுறாய்ங்க. உள்ள போனவன் சாகவே மாட்டேங்குறான்."

"காரணம் தெரியுமா செந்தில்?"

"தெரியும்க்கா. கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. ஆனா மேல இருக்கறவய்ங்ககிட்ட என்னன்னு சொல்ல? மேப்பையே தூக்கிருவாய்ங்க. மேப்பைத் தூக்கினா அவரையும் தூக்கிருவாய்ங்க. ஹெச்-ஒன் விசால இருக்காரு. வேலை போனா ரெண்டு மாசத்துல நாட்டை விட்டுக் கிளம்பணும். எங்க போவாரு, சொல்லுங்க?"

அந்த இரண்டு மாதக் கணக்கு அந்த ரூமில் எங்கள் இரண்டு பேருக்குமே பழக்கம். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நானும் அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு லேஆஃபையும் தாண்டி வந்தேன்.

"கட்டடம் நிக்கறதா பிரச்சனை? உள்ள போக முடியறதுதானே பிரச்சனை?" என்று கேட்டேன்.

செந்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படி எழுதுங்கக்கா."

பழைய டிக்கெட்டை அழித்தேன். 'கட்டடத்தின் கதவுகள் திறந்திருக்கின்றன. மூட வேண்டும்' என்று புதிதாக எழுதி அனுப்பினேன். ஆந்த்ரி படித்தார். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாக் கதவையும் பூட்டிவிட்டார். கேம் அப்படியே வெளியானது. ஆடுகிறவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை ஆந்த்ரி என் இடத்துக்கு வந்தார். மூன்று பேரும் போலந்து போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் உடனே, "கேமோட அடுத்த அப்டேட்டுக்கு எடுத்த புது பில்டுல அந்தக் கட்டடத்தை மாத்திட்டேன். உடையுதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"நிஜக் கட்டடம்?"

"நிக்குது. ஜன்னல் ஒண்ணுகூட இல்ல."

"அப்புறம் இதை எதுக்கு உடைக்கறீங்க? அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

"தெருவுல மத்த வீடும் நான் வரைஞ்சதுதான். ஒவ்வொண்ணுலயும் யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். அதையெல்லாம் உடைய விட்டுட்டு, எங்க வீட்டை மட்டும் காப்பாத்தி வச்சிருந்தேன். தெருவைப் பாக்கவே முடியல."

சுட்டேன். கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "படிக்கட்டு பக்கம் முதல்ல விழணும். அதுதான் பலவீனம்" என்றார். திருத்தி எடுத்து வந்தார். மறுபடி சுட்டேன். இந்த முறை சரியாக விழுந்தது. 'சரிபார்க்கப்பட்டது' என்று குறித்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஓய்வு பெறும்வரை மற்ற மேப்களையும் டெஸ்ட் செய்தேன். வேலை அதேதான். ஆனால் குண்டு போடும் முன் அந்த வீட்டில் சமையலறை எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசிக்கிற பழக்கம் வந்துவிட்டது. அதனால் வேலை மெதுவானது. யாரும் குறை சொல்லவில்லை.

டெஸ்டிங் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒன்று சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தால், முதலில் எழுந்துபோய் அதைச் செய்த ஆளைக் கேளுங்கள். கேட்ட பிறகும் டிக்கெட் எழுதத்தான் வேண்டியிருக்கும். ஆனால் வேறு மாதிரி எழுதுவீர்கள்.