இடக்கைக்கு ஐந்து விசைகள்

ஈப்போவில் ஓர் அச்சகத்தில் தமிழ்த் தட்டச்சு செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் என் கைவேலைதான். சுங்காய் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கியதில் வலக்கை நரம்பு அறுந்தது. முழங்கை மடங்கும், விரல்கள் அசையாது.

மறுபடி வேலைக்குப் போன அன்று, முதலாளி என் நாற்காலியை முன்மேசைக்கு மாற்றியிருந்தார்.

“டைப்பிங்லாம் இனி கஷ்டம்லா உனக்கு. ஃபோன் எடுத்துப் பேசு, போதும்.”

“கஷ்டமா இல்லையான்னு நான்தான் சொல்லணும் அண்ணே,” என்று நாற்காலியைக் காலாலேயே கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

ஒற்றைக் கையால் விசைப்பலகை முழுக்கத் தாவியதில் மணிக்கட்டு வீங்கியது. வேறு வழி தேடும்போது இணையத்தில் ஒரு பழைய வீடியோ கிடைத்தது. மவுஸைக் கண்டுபிடித்தவர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார். கம்ப்யூட்டர் என்றாலே கணக்குப் போடும் எந்திரம் என்றிருந்த காலம். அவரோ திரையைப் பார்த்தபடி எழுதுகிறார், அழிக்கிறார், சொற்களை இடம் மாற்றுகிறார். வலக்கையில் மவுஸ். இடக்கைக்கடியில் பியானோ கட்டைகள் போல ஐந்தே விசைகள். தனியாகவும் சேர்த்தும் அழுத்தினால் எழுத்து விழுகிறது.

வலக்கைப் பொருளை உலகம் எடுத்துக்கொண்டது. இடக்கைப் பொருளைப் பழகுவது கடினம் என்று விட்டுவிட்டது. யாருக்குக் கடினம்? இரண்டு கையும் உள்ளவர்களுக்கு. எனக்குக் கோபம்தான் வந்தது.

ஐந்து விசைகளை எத்தனை விதமாக அழுத்தலாம் என்று போட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்று. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. அதுவும் முப்பத்தொன்று. நம்பாமல் மறுபடி கூட்டினேன்.

தெரிந்த கைப்பேசிப் பழுதுக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

“இதெல்லாம் யாரு யூஸ் பண்ணுவா, அக்கா?”

“நான் பண்ணுவேன்.”

அவர் சிரித்தார். ஆனாலும் வீசிப்போட்ட விசைப்பலகையிலிருந்து ஐந்து விசைகளைப் பிடுங்கி ஒரு பலகைத் துண்டில் பொருத்தி, வேலை செய்யும்படி ஆக்கிக் கொடுத்தார்.

முதலில் ‘அம்மா’ என்று அடித்தால் ‘அங்ஙா’ என்று வந்தது. மோதிர விரல் சொன்னபடி கேட்கவில்லை. திட்டிக்கொண்டே பழகினேன். இடைவெளிக்கு மட்டும் பழைய விசைப்பலகையை வலது முழங்கையால் இடிப்பேன். ஒருநாள் திருவிழா நோட்டீஸ் ஒன்றை முழுதாக அடித்து முதலாளியிடம் நீட்டினேன். படித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

பிறகொரு நாள் தயங்கியபடி வந்தார். “வர்றவங்கல்லாம் உன் கையையே பார்க்கிறாங்க. உள்ரூம்ல உட்கார்ந்து அடிக்கலாமே.”

“பார்க்கட்டும் அண்ணே. வேலை இங்கதான் நடக்குது.”

நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

இப்போதும் கடை வாசலைப் பார்த்த அதே கம்ப்யூட்டர் மேசைதான் எனக்கு. முன்பிருந்த வேகம் இல்லை. ழகரத்துக்கு மூன்று விரல்கள் வேண்டும், மழைநாளில் வலிக்கும். அதைச் சுலபமான விசைக்கு மாற்றித் தரவா என்று பழுதுக் கடைக்காரர் கேட்டார். வேண்டாம், விரல் பழகிவிட்டது என்றேன்.