ஊசியக்கா அடைத்த ஓட்டைகள்

ஊசியக்காவுக்கு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. வீட்டுச் சல்லடை தப்பியதுகூட அது கம்பியில் செய்தது என்பதால்தான். நாத்தனார் மகன் ஆசைப்பட்டு வாங்கிய கிழிசல் ஜீன்ஸை, "பாவம் பிள்ளை, எங்கேயோ விழுந்து வாரியிருக்கான்" என்று முழங்கால் இரண்டையும் தைத்துக் கொடுத்தவள். அவன் அழுத அழுகைக்கு அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்திருந்தால் அவளுக்கு இந்த வேலையே கிடைத்திருக்காது.

சாவி கொடுத்தால் பாடும் பெட்டிகள், ஆள் இல்லாமல் தானே கட்டையை அமுக்கிக்கொள்ளும் பியானோ என்று பழைய இசை இயந்திரங்களாக அடுக்கி வைத்த ஓர் அருங்காட்சியகத்தில்தான் அந்த வேலை. அங்கே அலமாரி உயரத்துக்கு ஓர் ஆர்கன் நின்றது. சக்கரத்தைச் சுற்றினால் தானே வாசிக்கும். அதற்குக் காற்று ஊதும் தோல் துருத்தி கிழிந்துபோனதால் தைக்க ஆள் தேடினார்கள். திறப்பு விழாவில் ஆர்கன் ஒழுங்காகப் பாடிவிட்டால் வேலை நிரந்தரம் என்றார் காப்பாளர் அம்மா. ஊசியக்கா நேரே வீட்டுக்கு வந்து, நிரந்தரம் ஆகிவிட்டது என்றே நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள். விழாவுக்கு வா என்று அழைக்கவும் செய்தாள். அந்த வாய்க்கும் ஒரு தையல் போட்டிருக்கலாம்.

துருத்தி அருமையாக வந்தது. ஊதிப் பார்த்தார்கள், காற்று துளி கசியவில்லை. எல்லாரும் பந்தல், நாற்காலி என்று போய்விட்டார்கள். ஊசியக்கா பையைக் கட்டும்போதுதான் ஆர்கன் பக்கத்தில் ஒரு நீள அட்டையைப் பார்த்தாள். புடவை மாதிரி மடித்து வைத்திருந்தது. நடுவில் பிரித்தால், உடம்பெல்லாம் ஓட்டை. சில நீளம், சில குட்டை, எல்லாம் கோடு போட்டாற்போல வரிசையில். 'நல்ல ஒழுக்கமான பூச்சி' என்று மெச்சிக்கொண்டு பசை காய்ச்சினாள். அதே நிறத்தில் காகிதம் வெட்டி, பசை தீரும்வரை ஒட்டினாள்.

விழாவில் காப்பாளர் அம்மா அட்டையை மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினார். கூடம் அதிர ஆர்கன் பாடியது. முன்வரிசையில் இருந்த நாத்தனார்கூட வாயைப் பிளந்துவிட்டாள். திடீரென்று பாட்டு நின்று, டயரில் காற்றுப் போவதுபோல 'உஸ்' என்ற சத்தம் மட்டும் வந்தது. பாட்டு முடிந்தது என்று எல்லாரும் கைதட்டி எழுந்தார்கள். எழுந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் ஆர்கன் மறுபடி ஆரம்பித்தது.

காப்பாளர் அம்மா அட்டையைத் தடவிப் பார்த்தார். "இதை யார் ஒட்டினது?"

"நான்தாம்மா" என்று ஊசியக்கா கையே தூக்கினாள். "நேரம் இருந்துது, பார்க்கச் சகிக்கல, ஒட்டிட்டேன்."

"ஓட்டைதாம்மா பாட்டு. அது வழியா காத்து போனாத்தான் குழல் ஊதும். நீங்க பாட்டையே அடைச்சு வச்சிருக்கீங்க."

நாத்தனார் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "என் பையன் பேன்ட்டோட நிறுத்தியிருக்கலாம், அண்ணி."

நிரந்தரம் போச்சு என்று ஊசியக்கா பையைத் தூக்கினாள். காப்பாளர் அம்மா ஒட்டிய காகிதம் ஒன்றை நகத்தால் சுரண்டினார். வரவில்லை. பிளேடால் நெம்பினார். அட்டையும் சேர்ந்து உரிந்தது.

"என்னம்மா இது, பிரியவே பிரியாதா?"

"நான் ஒட்டினது பிரியாதும்மா" என்றாள் ஊசியக்கா. அந்த நேரத்திலும் பெருமை பார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நானே பிரிச்சா வரும். ஈரத்துணியில ஊறவச்சுப் பதமா எடுக்கணும்."

"அப்புறம் பையைத் தூக்கிக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க."

உட்கார்ந்தவள்தான். பிரித்து முடிப்பதற்குள் இன்னொரு துருத்தி கிழிந்தது, அதைத் தைப்பதற்குள் அவள் அங்கே ஒரு சாமான் மாதிரி ஆகிவிட்டாள். நிரந்தரமும் வந்தது. "தப்பு செஞ்சா வேலை போகும்பாங்க, எங்க அண்ணிக்கு வேலையே அதுலதான் கிடைச்சுது" என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்கிறாள். அவள் சொல்லாத இடத்தில் ஊசியக்காவே சொல்கிறாள்.

ஒரே ஓர் ஒட்டு மட்டும் இன்னும் அகப்படவில்லை. அட்டையோடு அட்டையாகிவிட்டது. கொஞ்சம் மோசமாகவே ஒட்டியிருக்கலாம். பாட்டின் நடுவே அந்த இடம் வரும்போது, தூசித்துணியோடு ஆர்கன் ஓரம் நிற்கும் ஊசியக்கா வாயாலேயே ஒரு 'பூம்' போடுகிறாள். பார்க்க வந்த பிள்ளைகள் அது எந்தக் குழல் என்று எட்டிப் பார்க்கின்றன. அவள் துருத்தியைத் துடைக்கிறாள்.